மாசமா இருக்கும்போது வெளிநாட்டுல இருந்து ஊருக்குப் போறீங்களா? உள்ள போடுறது இங்க, மேல போடுறது அங்க

டிரெஸ் எல்லாம் இங்கயே வாங்கிட்டுப் போகவா, இல்ல ஊர்ல போய் பாத்துக்கலாமான்னு குழம்புறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், உள்ளாடைய இங்க வாங்குங்க, மேல போடுறத அங்க போய் வாங்குங்க. ஏன்னா ஊர்ல நிறைய கடைகள்ல இன்னர்வேர் போட்டுப் பாக்க விடமாட்டாங்க, பிரிச்சா திருப்பி எடுக்கவும் மாட்டாங்க, டப்பா மேல இருக்குற நம்பர நம்பித்தான் வாங்கணும், அந்த நம்பரே இப்ப உங்களுக்கு மாறிக்கிட்டே இருக்கும்.

வயிறு வெளிய தெரியுறதுக்கு முன்னாடியே மார்பு பெருசாக ஆரம்பிச்சிடும், அப்புறம் விலா விரியுறதால பிராவோட அடிப்பட்டையும் இறுக்கும். அதனால கம்பி இல்லாத, அகலமான பட்டி வெச்ச பிராவா பாருங்க, கடைசி ஹூக்குல, அதாவது ரொம்ப டைட்டா போடுற ஹூக்குல சரியா இருக்குறத எடுங்க, அப்பத்தான் போகப் போக லூஸ் பண்ணிக்க இடம் இருக்கும். பட்டை மட்டும் இறுக்கி கப் சரியா இருந்தா புதுசு வேண்டாம், ஹூக் எக்ஸ்டெண்டர், அதாவது பின்னாடி ஹூக்கோட சேத்து மாட்டுற சின்னப் பட்டை, ஒண்ணு போதும். அப்படியும் ஊர்ல வாங்க வேண்டி வந்தா சைஸ் கணக்கு தெரிஞ்சிருக்கணும், ஜெர்மனி பக்கம் பட்டை அளவு 75னு போட்டிருக்கறது நம்ம ஊர்ல 34, பிரான்ஸ்ல அதே சைஸ் 90. கவுண்டர்ல ஆம்பளைங்க நின்னா கூச்சப்பட்டு ஏதோ ஒண்ண வாங்கிட்டு வராம லேடி ஸ்டாஃப் இருக்காங்களான்னு கேட்டுடுங்க.

ஜட்டி விஷயத்துல வயித்து மேல ஏறி மூடுற மாடல் குளிருக்கு நல்லா இருக்கும், ஊர் வெயிலுக்கு வயித்துக்குக் கீழ நிக்கிற காட்டன்தான் தாங்கும். இந்த நேரத்துல வெள்ளைப்படுறது கூடும், வேர்வையும் சேந்தா பூஞ்சைத் தொற்று சுலபமா வரும், அதனால வழக்கமா எடுக்குறத விட டபுளா எடுத்துட்டுப் போங்க, மழைக்காலத்துல காயவே காயாது, ஈரத்தோட மட்டும் போடாதீங்க. அரிப்போ நாத்தமோ இருந்தா மெடிக்கல் ஷாப்ல நீங்களா க்ரீம் வாங்காம டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஃப்ளைட்டுக்கு லூஸ் குர்த்தாவும் வயித்துல இறுக்காத பேண்ட்டும் போதும், ஏசி குளிருக்கு ஒரு ஷால். 4 மணி நேரத்துக்கு மேல பயணம்னா கால்ல ரத்தம் உறைஞ்சு போகாம இருக்க கம்ப்ரெஷன் சாக்ஸ் (கால இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ்) பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, அதுவும் அளவெடுத்து வாங்கணும். சீட் பெல்ட் வயித்துக்குக் கீழ, தொடை மேல போகணும். பெட்டி லேட்டா வந்தா அவதிப்படாம இருக்க ரெண்டு செட் உள்ளாடைய கையில வெச்சுக்கோங்க. 28 வாரம் தாண்டினா நிறைய ஏர்லைன்ஸ் டாக்டர் லெட்டர் கேப்பாங்க, அதையும் அதே பையில வைங்க.

ஊர்ல இறங்கினதும் முதல் வேலை நைட்டியும் டெய்லரும். ரெண்டு பக்கமும் ஜிப் வெச்ச ஃபீடிங் நைட்டி எடுத்தா பிரசவத்துக்கு அப்புறமும் ஓடும். புதுக் காட்டன் சுருங்கும், சாயம் போகும், அதனால ஒரு தடவ அலசிட்டுப் போடுங்க. சுடிதார் எடுக்கும்போது உள்பக்கம் திருப்பிப் பாருங்க, மேல காட்டன்னு சொல்லிட்டு லைனிங் பாலியஸ்டரா இருக்கும், வெயில்ல முதுகோட ஒட்டிக்கும். தைக்கக் குடுத்தா துணிய முதல்ல நனைச்சுக் காயவெச்சுக் குடுங்க, பக்கத்துத் தையல்ல ரெண்டு இஞ்ச் துணி விட்டு வைக்கச் சொல்லுங்க, அப்புறம் பிரிச்சு விட்டுக்கலாம். பேண்ட் கணுக்காலோட நிக்கட்டும், தரையத் தொடுற பலாஸோவ ஈர பாத்ரூம்ல ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால குழாயத் திறக்குற கஷ்டம் உங்களுக்கு வேண்டாம். புடவை கட்டியே ஆகணும்னா உள்பாவாடை நாடாவ வயித்துக்குக் கீழ கட்டுங்க, இல்ல அகல எலாஸ்டிக் போட்டுத் தைச்சுக்கோங்க.

பிரசவமே அங்கதான்னா ஃபீடிங் பிராவ இப்பவே வாங்கிக் குவிக்காதீங்க, 36 வாரம் வாக்குல அளவெடுத்து ரெண்டு மட்டும் வாங்குங்க, இத மட்டும் ரொம்ப லூஸான ஹூக்குல சரியா இருக்குற மாதிரி எடுங்க, ஏன்னா குழந்தை பொறந்ததும் விலா மறுபடி சுருங்கும்.