போர் தண்ணியில் சடைமுடிக்கு ஷாம்பூ பார்ப்பது எப்படி

எனக்கு வடசென்னை வியாசர்பாடியில் லேத் பட்டறை வேலை. விடிந்தால் கால்பந்து. இந்த இரண்டின் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் வந்து சேர்வதற்கென்றே தலையில் 43 சடைகள். 2018இல் ஆரம்பித்தபோது ஆயா கேட்ட முதல் கேள்வி, "இன்னாடா இது, சாமி சடையா, பேன் சடையா?" தெருவில் கொஞ்சம் மரியாதையாக, எந்த அம்மனுக்கு வேண்டுதல் என்று கேட்டார்கள். ட்ரெட்லாக்ஸ் என்று நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் நானும் சடை என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

முதல் வருடம் ஒரு தப்பு செய்தேன். சடைக்கென்றே செய்தது, முடியில் எதுவும் தங்காது என்று போட்டிருந்த ஒரு வெளிநாட்டு சோப்புக்கட்டியை அரை நாள் கூலி கொடுத்து வாங்கினேன். மூன்று மாதம் கழித்து ஒரு சடையை நடுவில் பிடித்து நசுக்கினால், மெழுகுவர்த்தியைச் சுரண்டினது போல வெள்ளையாக ஒன்று வந்தது. வாடையோ, காயாமல் சுருட்டி வைத்த தரைத்துணி வாடை. சரியாக அலசவில்லை போலிருக்கிறது என்று அதே போர் தண்ணியில், அதாவது போர்வெல் தண்ணியில், இன்னும் இரண்டு பக்கெட் ஊற்றினேன். அது இன்னும் ஏறியது.

சோப்பு எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாவது. போர் தண்ணியில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சோப்பு அவற்றோடு சேர்ந்தால் தண்ணியில் கரையாத பிசுக்காகத் திரிந்துவிடும். உங்கள் குளியலறை பக்கெட்டின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் ஒட்டியிருக்குமே, அதுதான். சாதாரண முடியில் இது படிந்தால் சீப்பு கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும். சடைக்குள் சீப்புக்கு ஏது வழி? உள்ளே போனது உள்ளேயே. அந்த சோப்பு செய்தவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கால்சியம் குறைந்த மென்னீர் ஓடும் ஊரில் அது நன்றாகவே அலசிப் போயிருக்கும். இங்கே வந்து நம்ம போர் தண்ணியிடம் மாட்டிக்கொண்டது.

ஆகவே கடைக்குப் போகும் முன் தண்ணியைப் பாருங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் பாதிக்குப் போர் தண்ணி, இன்னொன்றில் கேன் தண்ணி. இரண்டிலும் துணி துவைக்கும் பார் சோப்பை (டிடர்ஜென்ட் கட்டி அல்ல) கரைத்துப் பத்து சொட்டு விட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர் திரிந்தது போல மிதந்தால் அது கடினநீர். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் மொத்தமாக எண்ணும், கால்சியம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் 'மொத்தக் கடினத்தன்மை' என்று ஒரு எண் தருவார்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 600 வரை விடலாம் என்கிறது. ஆயாவுக்கு இந்த எண்ணெல்லாம் வேண்டாம். "அந்தத் தண்ணில பருப்பு வேகாதுடா" என்பாள். கடினநீரில் பருப்பு வேகாது என்பது உண்மைதான். பருப்புக்கு எந்தத் தண்ணி வைக்கிறீர்களோ அதையே கடைசி அலசலுக்கும் எடுத்து வையுங்கள்.

இப்போது லேபிள். முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் பாட்டிலைத் திருப்புங்கள். பொடி எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. சோடியம் பாமேட், சோடியம் கோகோயேட், பொட்டாசியம் கோகோயேட், சப்போனிஃபைடு ஆயில் என்று ஆரம்பித்தால் அது சோப்பு. திரவமாக இருந்தாலும், 'இயற்கை' என்று இலைப் படம் போட்டிருந்தாலும் சோப்புதான். வைத்துவிடுங்கள். சோடியம் லாரெத் சல்ஃபேட், ஓலிஃபின் சல்ஃபோனேட், டெசில் குளுகோசைடு, கோகமிடோபுரோப்பைல் பீட்டைன் என்று இருந்தால் சோப்பு அல்லாத நுரைப்பொருள். போர் தண்ணியிலும் திரியாது. கட்டியாகவே வேண்டும் என்றால் சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் முதலில் வருவதை எடுங்கள். சல்ஃபேட் என்றால் அலறுகிறவர்கள் உண்டு. உச்சந்தலை வறண்டவர்களுக்கு அது கொஞ்சம் கடுமைதான், அவர்கள் குளுகோசைடு பக்கம் போகலாம். எனக்குப் பட்டறை எண்ணெய் போக வேண்டும், ஆகவே சல்ஃபேட்.

அடுத்து, இருக்கக் கூடாதவை. டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் போல 'கோன்' என்று முடிகிறவை பெரும்பாலும் சிலிக்கோன். பாலிகுவாட்டர்னியம், குவார் என்று தொடங்குகிறவை முடியை வழவழப்பாக்க ஒட்டிக்கொள்வதற்கென்றே சேர்க்கப்படுபவை. பெட்ரோலேட்டம், மினரல் ஆயில், மெழுகு எதுவும் வேண்டாம். முத்து மாதிரி மினுங்கும் ஷாம்பூவில் கிளைக்கால் டைஸ்டியரேட் இருக்கும், அதுவும் ஒரு மெழுகுப் பொருள்தான். கண்ணாடி போல உள்ளே தெரிகிற ஷாம்பூ மேல் என்பது என் குத்துமதிப்பு, ஆனால் தெரிகிறதிலும் பாலிகுவாட்டர்னியம் ஒளிந்திருக்கும். மளிகைக்கடைச் சரத்தில் தொங்கும் சாஷே பலவற்றில் வழவழப்புச் சரக்கு உண்டு. அதை எத்தனை சாஷே போட்டாலும் சடைக்கு ஆகாது. 'கிளாரிஃபையிங்' என்று போட்ட வகையில் தேடினால் வேலை சுலபம்.

டைசோடியம் இ.டி.டி.ஏ., டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ., சோடியம் குளுகோனேட், ஃபைட்டிக் ஆசிட் இவற்றில் ஒன்று இருந்தால் நல்லது. இவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணியோடு போகும். நீச்சல்காரர்களுக்கான ஷாம்பூக்களில் இது தாராளமாக இருக்கும். ஆனால் சாதாரண ஷாம்பூவில் இருப்பது ஒரு சிட்டிகை. ஒரு பக்கெட் போர் தண்ணியை அது சமாளிக்காது.

வாங்கும்போது ஆகச் சின்ன பாட்டில். வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளரின் வெளிப்பக்கம் இரண்டு சொட்டு தேய்த்து, நீங்கள் குளிக்கிற தண்ணியில் கழுவிக் காய விடுங்கள். பக்கத்தில் வெறும் அதே தண்ணியில் கழுவிய தம்ளர் ஒன்று. வெறும் தம்ளரில் உப்புப் புள்ளி தெரியும், அது தண்ணியின் பங்கு. ஷாம்பூ தம்ளரில் விரல் வைத்தால் அதற்கு மேல் வழுக்கினாலோ படலம் தெரிந்தாலோ, அந்த பாட்டில் வீட்டில் வேறு யாருக்காவது.

சீயக்காய் போடேன் என்று எல்லா அத்தைகளும் சொல்வார்கள். சீயக்காய் நல்லதுதான், அதிலிருக்கும் நுரைப்பொருள் சோப்பு போலத் திரியாது. தூள்தான் வில்லன். நான் ஒரு தீபாவளிக்குத் தேய்த்து, பொங்கல் வரை தலையணையில் தட்டிக்கொண்டிருந்தேன். அரப்பு, வெந்தயம், செம்பருத்தி இலை எல்லாவற்றுக்கும் இதே கதி. ஆசையாக இருந்தால் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, வேட்டித்துணியில் இரண்டு முறை வடிகட்டிய தண்ணியை மட்டும் பயன்படுத்துங்கள். எண்ணெய்க் குளியலை நான் விட்டுவிட்டேன், சனிக்கிழமைதோறும் ஆயாவிடம் அதற்குத் தனியாகத் திட்டு.

சமையல் சோடாவில் ஊறவைக்கும் வழக்கத்தை வெளிநாட்டுக்காரர்களிடமிருந்து நம்ம பையன்களும் எடுத்துக்கொண்டார்கள். போர் தண்ணியில் அது வேண்டாம். காரம் கூடினால் தண்ணியிலிருக்கும் கால்சியம் சுண்ணாம்பாக இறங்கும், அதுவும் சடைக்குள்ளேயே. சோடாவோடு வினிகரைக் கலப்பது இன்னும் வேடிக்கை. பொங்கும், ஒன்றையொன்று தீர்த்துவிடும், அவ்வளவுதான்.

வினிகரைத் தனியாக மாதம் ஒரு முறை போடலாம். ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் ஒரு மேசைக்கரண்டி, இரண்டு நிமிடம், பிறகு அலசல். படிந்த சுண்ணாம்பை அது கரைக்கும். சடையில் சோழி கோத்திருந்தால் முதலில் கழற்றுங்கள். சோழியும் சுண்ணாம்புதான், என்னுடையது இரண்டே தடவையில் பளபளப்பு போய் எலும்பு மாதிரி ஆகிவிட்டது.

குளிக்கும் முறை இது: போர் தண்ணியில் நனைத்து, ஷாம்பூவை மக்கில் கரைத்து உச்சந்தலையில் ஊற்றித் தேய்ப்பேன். சடையைத் தனியாகத் தேய்ப்பதில்லை, வழிகிற நுரை போதும். முதல் அலசலும் போர் தண்ணி. கடைசி ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணி, அதாவது சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணி, அடிபம்பிலிருந்தோ லாரியிலிருந்தோ பிடித்தது. அதில் ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, வழிகிற தண்ணி தெளியும்வரை ஊற்றுவேன். காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள், நாளைக்குப் பத்து கோடி லிட்டர் திறன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் குழாயில் சில நாள் மென்னீர் வருகிறதென்றால் இப்படிப்பட்ட ஆலைக்கும் அதில் பங்கு இருக்கலாம். வாரத்துக்கு ஒரு பக்கெட் குடிதண்ணியைத் தலைக்கு ஊற்றுவது வீட்டில் சண்டை வரும் விஷயம். நான் தண்ணி லாரி வரும் நாளில் எட்டு குடம் தூக்கிக் கொடுத்து என் பங்கை வாங்கிக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கவலை இல்லை. மொட்டைமாடிக் குழாயில் முதல் மழையை ஓடவிட்டு, அடுத்த மழைக்கு டிரம்மை வைத்தால் அதைவிட மென்மையான தண்ணி கிடைக்காது. ஆனால் அந்த மாதங்களில் சடை காயாது. காலை பத்து மணிக்கு மேல் வானம் வெளுத்திருந்தால் மட்டும் தலைக்கு ஊற்றுவேன். இல்லையென்றால் ராத்திரி டேபிள் ஃபேனுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஆயா சீரியல் பார்க்கிற நேரம் அது. அந்த ஃபேன் அவளுக்கு.