இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வலியையும் வலிப் பயத்தையும் சமாளிப்பது எப்படி

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியில்தான் பயம் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் நர்ஸ் வந்தார். வேலூர் பக்கம் அணைக்கட்டிலோ ஒடுகத்தூரிலோ சொந்தக் கட்டிலில் படுத்திருக்கும்போது தொடையில் சுருக்கென்று ஒரு வலி வந்தால், “உள்ள வெச்ச மூட்டு விலகிடுச்சோ” என்றுதான் மனசு ஓடும். பயம் வருவது இயல்பு. ஆனால் அதை வளரவிட்டால் உடம்பில் வேலையைக் காட்டிவிடும். பயந்தவர் தொடையையும் புட்டத்தையும் இறுக்கிப் பிடிப்பார். இறுகிய தசை இன்னும் வலிக்கும். வலிக்கிறதே என்று படுத்துவிடுவார். படுத்தே இருந்தால் மூட்டு விறைத்து, அடுத்த முறை எழும்போது வலி கூடும். எந்த வலி ஆறுகிற வலி, எந்த வலி ஆபத்து என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதல் 2, 3 நாட்களில் வலி அதிகமாக இருந்து பிறகு இறங்கும். ஆனால் ஒரே சீராக இறங்காது. வீட்டில் நடமாட்டம் கூடியதும், 7 முதல் 10 நாள் வாக்கில் வீக்கம் ஏறி கணுக்கால் வரை வருவது சகஜம். “போன வாரம் நல்லா இருந்தேனே” என்று பலர் கலங்குவது இந்தக் கட்டத்தில்தான். தொடையில் கன்றிய நீலம் முழங்கால் பக்கம் இறங்கும். தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் கீழே வடிவதால் வருவது அது. தையலைச் சுற்றி மதமதப்பு, எழுந்தவுடன் முதல் நாலு அடியில் பிடிப்பு, வலியில்லாமல் கேட்கும் ‘டிக்’ சத்தம், அந்தக் கால் மட்டும் நீளமாகிவிட்ட மாதிரி உணர்வு, இவையெல்லாம் நிறைய பேருக்கு உண்டு. பெரும்பாலும் 6 வாரத்தில் பெரிய வலி அடங்கும். வீக்கமும் அசதியும் 3 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் இழுக்கும்.

வேலூர்க்காரர்களுக்கு வலியின் அருமை தெரிந்திருக்க வேண்டும். தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவதற்கு வலி தெரியாமல் போவதுதான் பெரிய காரணம் என்று காட்டியவர் இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட். சூடு பட்டாலும் முள் குத்தினாலும் தெரியாததால் புண் மேல் புண்ணாகிவிடும். வலி ஒரு காவல். ஆபரேஷன் ஆன புதிதில் அந்தக் காவல், பூனை போனாலும் குரைக்கிற நாய் மாதிரி, ஒன்றுமில்லாததற்கெல்லாம் சத்தம் போடும்.

மாத்திரையில்தான் தவறு அதிகம் நடக்கிறது. “தாங்க முடியாட்டி போட்டுக்கலாம்” என்று காத்திருந்தால் வலி ஏறிவிடும். ஏறிய வலியை இறக்குவது கஷ்டம். முதல் 2 வாரம், எழுதிக்கொடுத்த நேரப்படி போடுங்கள். பாராசிட்டமால் 650 மில்லிகிராம் 6 மணிக்கு ஒரு தடவை என்றால் நாளைக்கு 2,600 மில்லிகிராம். பெரியவர்களுக்கு மொத்தம் 4,000-ஐத் தாண்டவே கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரல் கோளாறு இருந்தாலோ இன்னும் குறைவு. சளி மாத்திரையிலும், டிரமடால் கலந்த வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கலாம், அட்டையைப் படித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரமடால் தலைசுற்றலும் மலச்சிக்கலும் தரும். முக்கினால் இடுப்பும் வலிக்கும் என்பதால் முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, பப்பாளி. போதாவிட்டால் டாக்டரிடம் மலமிளக்கி கேளுங்கள். மெடிக்கலில் டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் கேட்டு வாங்கவே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

ஐஸ் நல்ல துணை, அதுவும் நம்மூர் கத்திரி வெயிலில். ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்து, தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். 2, 3 மணி நேரம் விட்டு மறுபடியும் வைக்கலாம். துண்டில்லாமல் வைத்தால், மதமதத்த தோலில் குளிரால் வெந்தாலும் தெரியாது. தையல் நனையக் கூடாது.

எழுந்திருக்கப் பயமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். மாத்திரை போட்டு 45 நிமிடம் கழித்து உட்காருங்கள். மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, வாயால் 6 எண்ணும்வரை விடுங்கள், பத்து தடவை. தோளும் தாடையும் தளர்ந்ததும் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, ஆபரேஷன் ஆன காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, இரண்டு கைப்பிடியையும் அழுத்தி நல்ல காலில் எழுங்கள். உடனே நடக்காமல் நின்று 10 எண்ணுங்கள். முதலில் வாக்கர், அடுத்து ஆபரேஷன் ஆன கால், கடைசியில் நல்ல கால். தாழ்ந்த நாற்காலி என்றால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுங்கள். இடுப்பைவிட முழங்கால் உயரக் கூடாது. தொய்ந்த கயிற்றுக் கட்டிலும் தரையில் உட்காருவதும் வேண்டாம். தொழுகையோ பூஜையோ நாற்காலியில் இருக்கட்டும். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷனில் குனிவதற்கும் கால்மேல் கால் போடுவதற்கும் கட்டுப்பாடு அதிகம். எலும்பு முறிவுக்குத் திருகு போட்டவர்களுக்குக் காலில் எவ்வளவு பாரம் போடலாம் என்பதே வேறு. இரண்டையும் டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பயிற்சியின்போது வலிக்கு 10-க்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். 4 வரை தொடரலாம். அதற்கு மேல் போனாலோ, மறுநாள் காலையிலும் அடங்காமல் இருந்தாலோ அளவைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். நேரம், மாத்திரை, மார்க், செய்த வேலை நான்கையும் ஒரு நோட்டில் குறியுங்கள். பத்து நாள் பக்கங்களைப் புரட்டினால் எது வலியைக் கூட்டுகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

ராத்திரி வேறு வேலை இல்லாததால் கவனம் முழுக்க வலி மேல் போகும். கடைசி மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு ஒட்டி வையுங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர், போன், டார்ச், வாக்கர்.

காத்திருக்கக் கூடாத வலிகள் இவை. திடீரென்று தாங்க முடியாமல் வலித்து, கால் குட்டையாகத் தெரிந்தாலோ பாதம் ஒரு பக்கம் திரும்பினாலோ மூட்டு நழுவியிருக்கலாம். நடக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தாலும் 108தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால் ரத்தக்கட்டி சந்தேகம், அன்றைக்கே காட்டுங்கள். குறைந்து வந்த வலி மறுபடி நாளுக்கு நாள் ஏறுவது, தையலில் சீழோ கசிவோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், இவை கிருமித் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக ஆரம்பிக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள்.

பார்க்க வருகிறவர்கள் “புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்”, “எண்ணெய் போட்டு நீவி விடு” என்பார்கள். ஆபரேஷன் செய்த இடுப்பில் இரண்டும் கூடாது. நீவினால் தையல் பிரியலாம், இழுத்துக் கட்டினால் மூட்டு நழுவலாம். “ஏம்மா நடக்குற, படு” என்பவர்களுக்கு வீட்டில் ஒருவரே பதில் சொல்லட்டும். நோயாளியிடம் “வலிக்குதா, வலிக்குதா” என்று மணிக்கொரு தரம் கேட்பதற்குப் பதிலாக, “மூணு மணிக்கு வாசல் வரைக்கும் நடக்கலாமா அத்தை” என்று மருமகள் கூப்பிட்டால் எழுந்து வருவார்.

ரிவ்யூவுக்குப் போகும்போது ஷேர் ஆட்டோவை விட்டு, காரில் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து உட்காருங்கள். நோட்டை எடுத்துச் செல்லுங்கள். 3 மாதம் தாண்டியும் அடித்தொடையிலோ கவட்டியிலோ வலி போகாமல் இருந்தால் அதை வாய்விட்டுச் சொல்லி, எக்ஸ்ரே தேவையா என்று கேளுங்கள்.