அறுவை சிகிச்சைக்கு முன் எடை பார்க்கப் போகும்போது

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தபின், மயக்க மருந்துப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு வரச் சொல்வார்கள். அங்கே முதலில் எடுப்பது எடையும் உயரமும். அன்று தெரிய வேண்டியது உங்கள் உண்மையான எடை. குறைத்துக் காட்டுவதால் ஒரு நன்மையும் இல்லை. மயக்க மருந்து, ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசி, சில ஆன்டிபயாடிக் எல்லாம் கிலோவைப் பார்த்தே தரப்படுகின்றன.

அதனால் எடை பார்ப்பதற்கு முதல் நாள் பட்டினி வேண்டாம், தண்ணீரையும் குறைக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அது இறங்கினால் கொழுப்பு கரைந்ததாக ஆகாது. பேதி மாத்திரை இன்னும் மோசம்: பொட்டாசியம் இறங்கி, இதயத் துடிப்பு தடுமாறி, அறுவை சிகிச்சையே தள்ளிப்போகலாம். இணையத்தில் விற்கும் எடைக்குறைப்பு மாத்திரைகள் சிலவற்றில் சிபுட்ராமின் என்ற, தடைசெய்யப்பட்ட பசியடக்கும் மருந்து கலந்திருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் பெட்டியோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். நீரிழிவுக்கோ எடைக்குறைப்புக்கோ செமாக்ளுடைட் ஊசி போடுபவர்கள் கடைசியாகப் போட்ட தேதியைச் சொல்ல வேண்டும். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் எடை பார்க்க, தராசைக் கால்மிதியில் வைக்காமல் டைல்ஸ் தரையில் வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் பார்த்து, தேதியோடு எழுதுங்கள். மருத்துவமனைத் தராசு ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டினால் பதறாதீர்கள். உடுப்பும் பசியாறியதும் சேர்ந்த கணக்கு அது. முயற்சியே இல்லாமல் ஆறு மாதத்தில் பத்து சதவீதம் இறங்கியிருந்தால் அவசியம் சொல்லுங்கள். ஊட்டச்சத்துக் குறைந்த உடம்பில் புண் ஆறத் தாமதமாகும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறிக் காலும் வீங்கினால், தேதி வரும்வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.

தராசில் ஏறுமுன் காலணி, கைப்பேசி, சாவிக்கொத்து, இடுப்பு வாரை எடுத்துவிடுங்கள். உயரம் பார்க்கும்போது கொண்டையை அவிழ்த்துவிடுங்கள். 80 கிலோ எடையும் 160 செ.மீ. உயரமும் இருந்தால் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 31.3, கொண்டை 4 செ.மீ. கூட்டினால் 29.7. சிங்கப்பூரில் ஆசியர்களுக்கான கணக்குப்படி 23 தாண்டினாலே ஆபத்து கூடுகிறது, 27.5 முதல் அதிக ஆபத்து.

பிஎம்ஐ கூடுதலாக இருந்தால் குறட்டையைப் பற்றிக் கேட்பார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும், அவரையும் கூட்டிப்போங்கள்.