போட்டோ போடாமல் சேர்ந்த பணம்

மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போனவன் என் கூட்டாளி. போன வருஷம் படுக்கைப்புண்ணுக்கு ஆபரேஷன். முதல்வர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, தேனி பக்கம் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் அந்த கார்டிலேயே முடிந்தது. காற்று மெத்தை, யூரின் டியூப், டயப்பர், கம்பத்திலிருந்து வண்டி வாடகை, இதெல்லாம் கைக்காசு.

அந்தக் காசைச் சேர்க்க, வாட்ஸ்அப்பில் புண்ணைப் படம் எடுத்துப் போடச் சொன்னார்கள் சிலர். "என்னைக் காட்சிப்பொருள் ஆக்காதடா" என்றான். நியாயம்தானே? சாமான் பட்டியலை மட்டும் விலையோடு எழுதி, விடியக்காலையில் குமுளிக்கு ஏலக்காட்டு வேலைக்குப் போகும் ஜீப்களில் ஒட்டினோம். பணத்தை யாரும் எங்கள் கையில் தர வேண்டாம், மெடிக்கல் கடையிலேயே கட்டலாம். கடைக்கார அண்ணாச்சி கோடு போட்ட நோட்டில் பெயர், தொகை எழுதிக் கல்லாப் பக்கத்தில் வைத்தார். யாரும் புரட்டிப் பார்க்கலாம். சந்தேகப்பட்டுப் பார்க்க வந்தவர்களே கூடுதலாகக் கொடுத்தார்கள். கூலி போடும் நாளில் தோட்டத்து அக்காமார் ஆளுக்கு ஐம்பது, நூறு.

மெத்தை வந்தாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிவிட வேண்டும். ராத்திரிக்கு நாங்கள் முறை வைத்துக்கொண்டோம்.