வெளிநாட்டு சஸ்பென்ஷன் பாகங்கள்: உப்புக்காற்றில் ஓடும் காருக்கு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன் சாலைப் பாலத்தைக் கடந்து இராமேசுவரம் சென்று வரும் கார்களும், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறக்கப்பட்ட சாலையில் ஓடும் கார்களும் அடிப்பகுதியில் உப்பையும் மணலையும் சேர்த்தே சுமந்து திரும்புகின்றன. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலோரத்தில் வாசலில் நிற்கும் காரைக்கூட இந்தக் காற்று விடுவதில்லை. சக்கரத்துக்கும் காரின் உடலுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்கள் தேய்ந்தால், அவற்றுக்கு மாற்றாக, வளைகுடாவில் இருக்கும் உறவினர் மூலமோ இணையம் வழியாகவோ வெளிநாட்டுப் பாகங்களை வரவழைப்போர் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும் விலையையும் மட்டுமே பார்க்கிறார்கள். நம் கடற்கரையைப் பொறுத்தவரை, பாக எண்ணும் உலோகத்தின் மேற்பூச்சும்தான் அந்தப் பாகம் எத்தனை காலம் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

எது பழுது என்று உறுதி செய்யாமல் ஆர்டர் போடுவது முதல் தவறு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் கேட்கும் "டக் டக்" ஓசைக்கு கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியை இணைக்கும் லிங்க் ராடோ, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷோ, அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைக் காரின் உடலோடு பிணைக்கும் ஸ்ட்ரட் மவுண்டோ காரணமாக இருக்கலாம். ஓசை கேட்டவுடன் ஷாக் அப்சார்பரை வரவழைத்தவர்கள், அதை மாற்றிய பின்னும் அதே ஓசையைக் கேட்கிறார்கள். காரைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பையும் கம்பியால் நெம்பிப் பார்க்கும் மெக்கானிக்கிடம் காட்டிய பிறகு பட்டியல் எழுதுவதே சரி.

அடுத்து, மாடல் பெயரை நம்பி வாங்குவது. ஒரே பெயரில் பல நாடுகளில் விற்கப்படும் கார்கள் அடிப்பகுதியிலும் ஒன்றுபோல இருக்கும் என்று எண்ணக் கூடாது. இந்தியச் சாலைகளுக்காகத் தரை இடைவெளி கூட்டப்பட்ட கார்களில் ஸ்பிரிங்கின் நீளமும் ஷாக் அப்சார்பரின் அமைப்பும் மாறியிருக்கும். எஞ்சின் டீசலா பெட்ரோலா என்பதைப் பொறுத்து முன்பக்க எடையும், அதற்கேற்ப ஸ்பிரிங்கின் வலிமையும் வேறுபடும். வளைகுடாவில் ஓடுபவை இடப்பக்க ஸ்டீயரிங் கார்கள் என்பதால், துபாய்க் கடைக்காரர் "இதே கார்தான்" என்று உறுதியாகச் சொன்னாலும் அது போதாது. நம் காரின் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, கார் நிறுவனத்தின் அசல் பாக எண்ணைப் பெற்று, அந்த எண்ணுக்கு நேராக வெளிநாட்டு நிறுவனத்தின் பட்டியலில் என்ன இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். ஒரே நிறுவனத்துக்குள்ளும் கவனம் தேவை. ஜெர்மன் நிறுவனமான பில்ஸ்டைனின் பி8 வகை ஷாக் அப்சார்பர், உயரம் குறைக்கப்பட்ட ஸ்பிரிங்குகளுக்காகச் செய்யப்பட்டது. சாதாரண ஸ்பிரிங்கோடு ஓடும் காருக்கு அது உரியதன்று. ஃபெபி பில்ஸ்டைன் என்பது வேறொரு ஜெர்மன் நிறுவனம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

உப்பைக் கணக்கில் கொள்ளாமல் வாங்குவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். ஸ்பிரிங்கின் கீழ்ச்சுற்றும் அது அமரும் இருக்கையும் சேருமிடத்தில் மணல் தங்கி, ஸ்பிரிங் அசையும் ஒவ்வொரு முறையும் மேற்பூச்சைத் தேய்க்கிறது. பூச்சு போன இடத்தில் உப்பு ஈரம் நின்று சிறு குழிகளை உண்டாக்க, எப்போதும் இறுக்கத்தில் இருக்கும் அந்த எஃகு ஒரு நாள் அங்கேயே முறிகிறது. ஷாக் அப்சார்பரின் குரோம் தண்டில் துருப்புள்ளி விழுந்தால், அது மேலும் கீழும் போகும்போது சீலைக் கிழித்து எண்ணெயைக் கசிய விடுகிறது. ஆகவே தண்டை மூடும் தூசி உறையும், ஷாக் அப்சார்பர் முழுவதும் அழுந்தும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப்பும் பெட்டியில் உள்ளனவா என்று முன்பே கேட்க வேண்டும். பல பெட்டிகளில் அவை இருப்பதில்லை. மேற்பூச்சு எந்த வகை, பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9227 உப்புத் தெளிப்புச் சோதனையில் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று விற்பவரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் சோதனைக்கூட மணிநேரத்தை நம் ஊர் ஆண்டுகளாக மாற்றிக் கணக்குப் போட முடியாது. ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் என்ற கெட்டியான செயற்கைப் பொருளில் செய்த புஷ் நீடித்து உழைக்கும் என்று பரிந்துரைப்பவர்கள் உண்டு. மணல் புகும் இடத்தில், அவ்வப்போது கிரீஸ் கேட்கும் அந்தப் புஷ்ஷைவிட நல்ல ரப்பர் புஷ்ஷே மேல் என்பது என் கருத்து. புதுப் பாகம் பொருத்திய காரை உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவுவதும் கேடுதான். அடிப்பகுதிக்கு நன்னீர் வேண்டும்.

பெட்டியின் அச்சு மங்கலாகவோ, பாகத்தில் பொறித்த எண் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒவ்வாமலோ இருந்தால் அது போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ரப்பர் கிடங்கிலேயே முதுமையடையும் பொருள் என்பதால், தயாரித்த தேதியைக் கேட்காமல் புஷ் வாங்கக் கூடாது. வெளிநாட்டில் கழற்றியெடுத்த பழைய ஷாக் அப்சார்பரை எந்த விலைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விலையை மட்டும் பார்த்து மகிழ்வோர் சுங்கத்தை மறந்துவிடுகிறார்கள். சஸ்பென்ஷன் பாகங்கள் 8708.80 என்ற சுங்க வகைப்பாட்டில் வருகின்றன. பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மீது அடிப்படைத் தீர்வை, அத்தீர்வையில் 10 விழுக்காடு சமூக நலக் கூடுதல் கட்டணம், இவை எல்லாம் கூடிய தொகையின் மீது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி என்று கணக்கு ஏறுகிறது. பழுதானால் திருப்பியனுப்பும் செலவும் பெரும்பாலும் நம்முடையதே. 2017-ஆம் ஆண்டு முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திய செவர்லே போன்ற கார்களை வைத்திருப்போருக்கு வெளிநாட்டுச் சந்தை உண்மையிலேயே கைகொடுக்கும். இங்கேயே தயாராகும் கார் என்றால், மதுரையிலோ சென்னை ஜி.பி. சாலையிலோ அசல் பாகம் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிப்பது நல்லது. மணலில் ஓட்டுவதற்காக உயரம் கூட்டும் கிட் வாங்க நினைப்பவர்கள், வாகனத்தின் அமைப்பை மாற்றுவது பற்றிய, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

பாகம் வந்து சேர்ந்த பின்னும் தவறுகள் நேர்கின்றன. நம் பகுதியில் பழைய போல்ட்டுகள் புஷ்ஷின் உட்குழாயோடு துருவேறி ஒட்டிக்கொள்வதால், பட்டறையில் அவற்றை அறுத்தெடுக்கத்தான் நேரிடும்; புதிய போல்ட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைக்காவிட்டால் கார் நாள்கணக்கில் அங்கேயே நிற்கும். ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்ற வேண்டும். படுத்த நிலையில் பயணம் செய்து வந்த இரட்டைக் குழாய் வகை (ஒன்றினுள் ஒன்றாக இரு குழாய்கள் கொண்ட) ஷாக் அப்சார்பரை, நிமிர்த்திப் பிடித்துச் சில முறை அழுத்தி இழுத்த பிறகே பொருத்த வேண்டும். தண்டை ஒருபோதும் பிளையரால் பிடிக்கக் கூடாது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டுகளை முழுவதும் முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும். காரின் எடை சக்கரங்களில் அமர்ந்த பிறகு, நிறுவனம் குறித்த முறுக்கு அளவில் கடைசி இறுக்கத்தைச் செய்யச் சொல்லி, அதன்பின் வீல் அலைன்மென்ட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.