வால்பேப்பரைக் கிழிக்கும் முன் சுவருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ தரைத்தளத்தில் ஒரு வீடு பார்க்கப் போகிறீர்கள். ஹாலில் மூன்று சுவர் வெள்ளை, ஒன்றில் மட்டும் செங்கல் டிசைன் வால்பேப்பர். "அழகுக்கு ஒட்டினதுங்க" என்பார் ஹவுஸ் ஓனர். இருக்கலாம். ஆனாலும் அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். பாத்ரூம் இருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டு சம்ப், அதுவும் இல்லையென்றால் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்.

பழைய வால்பேப்பரை எடுப்பதிலும் மூடுவதிலும் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி, அது ஏன் அங்கே வந்தது என்று யாரும் கேட்காததால் வருபவை. வடசென்னையில் இந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஓதம்தான், அதாவது சுவரில் ஏறும் ஈரம். பழைய தெருக்களில் ரோடு போடப் போட உயர்ந்து, வீட்டுத் தரை பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் சுவரடியில் நின்று, செங்கல் வழியாக இடுப்பு உயரம் வரை ஏறுகிறது. ஏறும்போது மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பூச்சுக்குள்ளேயே பூத்து அதை உடைக்கும். சுவர் அப்பளம் மாதிரி பொரிந்து கொட்டுவது இதனால்தான்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் தானாகவே ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் வினைல் வால்பேப்பரை, அதாவது மேலே பி.வி.சி. பிளாஸ்டிக் தோல் உள்ளதை ஒட்டினால் அந்த வழி அடைபடும். ஈரம் உள்ளேயே தங்கும், இல்லையென்றால் இன்னும் மேலே ஏறும். பேப்பர் பளபளவென்று இருக்க, பின்னால் கறுப்புப் பூஞ்சை படர்ந்துகொண்டிருக்கும்.

அதனால் முதலில் சோதனை. சுவரை விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் பூச்சு உள்ளே விட்டிருக்கிறது. ஒரு மூலையில் பேப்பரை உரித்து, அந்த இடத்தில் ஓரடி சதுர பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை.

நேரம் தெரியாமல் இறங்குவது அடுத்த தவறு. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வேண்டும் என்று மார்கழியில் பெயிண்டரைக் கூப்பிடுவோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்து, சுவர் வருடத்திலேயே அதிகமாக ஊறியிருக்கும் நேரம் அது. 9 அங்குலச் சுவர் பத்து நாளில் காயாது. பேப்பரை ஜனவரியில் உரியுங்கள், பரவாயில்லை, சுவரும் மூச்சு விடட்டும். பட்டி, பிரைமர், பெயிண்ட் எல்லாம் மாசி, பங்குனிக்குத் தள்ளிப் போடுங்கள். விருந்தாளிகள் பார்த்தால் பார்க்கட்டும்.

உரிக்கும்போது எது எந்த வகை என்று பார்க்காமல் எல்லாவற்றிலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பசை தடவி ஒட்டிய வினைல் பேப்பரில் மேல் தோலுக்குள் தண்ணீர் இறங்காது. அந்தத் தோலை முதலில் காய்ந்த நிலையிலேயே உரித்துவிட வேண்டும். ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பொறுமையாகக் கீழ்நோக்கி இழுத்தால் பெரிய துண்டாகவே வரும். சுவரில் மிச்சம் நிற்கிற காகித அடுக்குக்குத்தான் தண்ணீர். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கொஞ்சம் கலந்து, ஸ்பாஞ்சால் இரண்டு மூன்றடி அகலத்துக்கு மட்டும் ஒற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். காகிதம் கருத்து, விரலுக்கு வழுக்கிக்கொண்டு நகரும். அப்போது பட்டி பிளேடைச் சுவரோடு படுக்கவைத்துத் தள்ளினால் கூழாகச் சுருண்டு வரும். பிளேடை நிமிர்த்திச் சுரண்டினால் காரையில் பள்ளம் விழும், அப்புறம் அதை அடைக்க இன்னொரு செலவு. ஸ்விட்ச் போர்டு இருக்கிற சுவரென்றால் தண்ணீர் தொடுவதற்கு முன் மீட்டர் பெட்டியில் கரண்டை நிறுத்தும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிடுங்கள்.

ஆன்லைனில் ரோலாக வாங்கி ஒட்டுகிற ஸ்டிக்கர் வகை வேறு கதை. அதைப் படக்கென்று இழுத்தால் பெயிண்டும் பட்டியும் பாளம் பாளமாகக் கூடவே வந்துவிடும். ஹேர் டிரையரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, சுவரை ஒட்டியே மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். தரைத்தளத்தில் ஊறிப்போன சுவரில் இருந்தால் டிரையர் தேவைப்படாது, அதுவே தொங்கிக்கொண்டிருக்கும்.

பிசின் போகவில்லை என்று தின்னர் டப்பாவைத் திறக்கிறவர்கள் உண்டு. ஒண்டுக்குடித்தன வீட்டில் சமையலறையும் பூஜை விளக்கும் நாலடியில் இருக்கும், அந்த ஆவி நெருப்புப் பிடித்துவிடும். பூஞ்சையைத் துடைக்க பிளீச்சிங் போட்டால் அதோடு வினிகரோ டாய்லெட் கிளீனரோ சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பூஞ்சையைக் காய்ந்தபடி பிரஷால் தேய்ப்பதும் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளையாகப் பூத்த உப்புக்கு மட்டும் நேர்மாறு. தண்ணீர் பட்டால் அது கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும். காய்ந்த பிரஷால் தட்டி முறத்தில் வாரிவிடுங்கள்.

பேப்பருக்கு அடியில் பழைய எனாமல் பெயிண்ட் தெரிந்தால் காய்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டின் தூள் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறப்பது நல்லதில்லை. ஈரம் பண்ணித் தேயுங்கள்.

பேப்பர் போனதும் வேலை முடிந்தது என்று பிரைமர் அடிப்பதும் வழக்கமான தவறு. ஈரக் கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழத்தால் பசை இன்னும் இருக்கிறது. அதன்மேல் அடித்த பெயிண்ட் சில மாதத்தில் வெடிப்பு விடும். வெந்நீர் ஸ்பாஞ்சால் வழவழப்பு போகும்வரை துடைக்க வேண்டியதுதான். உரித்த பி.வி.சி. துண்டுகளைப் போகிக்கு எடுத்து வைக்காதீர்கள். அந்தப் புகை உங்கள் தெரு மூக்குக்குத்தான் போகும். மாநகராட்சிக் குப்பையில் உலர் கழிவாகப் போட்டுவிடலாம்.

சரி, எடுக்காமல் மூடிவிட்டால் என்ன? பெரம்பூரில் மூன்றாவது மாடி ஃபிளாட், உள்சுவர், காகித வகை பேப்பர், எங்கும் எழும்பவில்லை என்றால் மூடலாம். ஆயில் பிரைமர் அடித்து அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள். தண்ணீர் பிரைமர் பசையை ஊறவைத்துக் கொப்புளம் கிளப்பும். வினைல் என்றால் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது. பேப்பர் மேல் பட்டி பார்ப்பதை எந்த மாடியிலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பட்டியின் எடைக்குப் பேப்பரோடு சேர்ந்து வரும்.

தரைத்தளத்தில் மூடவே கூடாது. ஃபோம் பேனல், புது ஸ்டிக்கர், உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் எதுவானாலும் ஈரத்துக்கு வாசலை அடைக்கிற வேலைதான். பேப்பர் இருந்தால் கரையானும் வரும். சுண்ணாம்புச் சுவரில் கொட்டிய இடத்தைச் சிமென்ட் வைத்துப் பூசினால் அந்த இடம் தாங்கும், சுற்றியுள்ள காரை கொட்டும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது சிரமம்தான், கிடைத்தால் விடாதீர்கள். அதற்கும் முன்னால் வெளியே ஒழுகும் குழாய், ஏ.சி. தண்ணீர், பாத்ரூம் டைல்ஸ் இடுக்கு ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள்.

குடித்தனக்காரர்களுக்கு ஒன்று. காலி பண்ணும்போது பெயிண்டிங்குக்கு என்று அட்வான்சில் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே பழக்கம். வால்பேப்பருக்குப் பின்னால் இருந்த ஓதத்தையும் உங்கள் கணக்கில் எழுதிவிடப் போகிறார்கள். குடிவந்த அன்றே அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உரிக்கும் முன்பும் அவரிடம் கேட்டு, "சரி" என்ற பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.