பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ்: இரண்டு ஆங்கில வாக்கியங்களைப் பிழையின்றிச் சேர்ப்பது எப்படி?

சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலம் எழுத வந்துவிடும். 'இட் வாஸ் ரெய்னிங். வீ ஸ்டேட் அட் ஹோம்.' இந்த இரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் பலருக்கும் கை நின்றுவிடுகிறது. அங்கே தேவைப்படுபவைதான் சப்பார்டினேட்டிங் கன்ஜங்ஷன்கள், அதாவது ஒரு வாக்கியத்தை இன்னொன்றைச் சார்ந்து நிற்க வைக்கும் இணைப்புச் சொற்கள்: பிகாஸ், இஃப், வென், ஆல்தோ, அன்லெஸ், அன்டில், பிஃபோர், ஆஃப்டர், சின்ஸ் போன்றவை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் தமிழ் வினை எப்படி முடிகிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: வினையின் வாலைப் பாருங்கள்

பெய்ததால், பெய்தால், பெய்தாலும், பெய்தபோது. காரணம், நிபந்தனை, முரண், காலம் எல்லாமே தமிழில் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த வாலைக் கழற்றித் தனிச்சொல்லாக்கி, துணைவாக்கியத்தின், அதாவது தனித்து நிற்காமல் இன்னொரு வாக்கியத்தைச் சார்ந்து நிற்கும் பகுதியின், தலையில் வைக்க வேண்டும். 'மழை பெய்ததால்' என்றால் 'பிகாஸ் இட் ரெய்ன்ட்'. 'மழை பெய்தால்' என்றால் 'இஃப் இட் ரெய்ன்ஸ்'. தமிழில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆங்கிலத்தில் சொல்லே வேறு.

காரணத்துக்கு சின்ஸ், அஸ் இரண்டும் உண்டு. ஆனால் இவை காலத்தையும் குறிக்கும் என்பதால் படிப்பவர் குழம்ப இடமுண்டு. தொடக்கத்தில் காரணம் என்றால் பிகாஸ் மட்டும் போதும் என்பது என் கட்சி.

படி 2: கமா

துணைவாக்கியம் முதலில் வந்தால், அது முடியும் இடத்தில் கமா. பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். ஆல்தோ, வேர்ஆஸ் போல முரண் காட்டும் சொற்களுக்கு முன் மட்டும் போடுவதுண்டு. அப்புறம், 'பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்' என்பதோடு முற்றுப்புள்ளி வைத்துவிடாதீர்கள். பேச்சில் பதிலாகச் சொல்லலாம். தேர்விலும் அலுவலக மின்னஞ்சலிலும் அது பாதி வாக்கியம்தான்.

படி 3: 'வில்' என்ற ஆங்கிலச் சொல் எங்கே வரக்கூடாது?

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். எனக்கு இது பிடிபட நாளானது.

'அவர் வரும்போது சொல்கிறேன்.' இதில் 'வரும்' என்பது எதிர்காலமாகக் காதில் விழுவதால், 'வென் ஹி வில் கம்' என்று எழுதத் தோன்றும். அது தவறு. 'ஐ வில் டெல் யூ வென் ஹி கம்ஸ்' என்பதே சரி. எதிர்காலம் என்பதை முதன்மை வாக்கியம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. துணைவாக்கியத்துக்கு நிகழ்காலம் போதும். இஃப், பிஃபோர், ஆஃப்டர், அன்டில், அஸ் சூன் அஸ் எல்லாவற்றுக்கும் பொதுவாக இதே கதைதான்.

சரி, 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்று படித்திருக்கிறோமே? அதுவும் சரிதான். அங்கே வென் ஒரு கேள்வியைச் சுமந்து நிற்கிறது: 'அவர் எப்போது வருவார் என்று தெரியாது.' ஆகவே தமிழில் சொல்லிப் பாருங்கள். 'வரும்போது' என்று வந்தால் வில் கூடாது. 'எப்போது வருவார் என்று' என வந்தால் வில் வரலாம். இஃப்புக்கும் இதே சோதனை: 'வந்தால்' என்றால் 'இஃப் ஹி கம்ஸ்', 'வருவாரா என்று' என்றால் 'இஃப் ஹி வில் கம்'.

படி 4: ஒன்றிருந்தால் இன்னொன்று வேண்டாம்

'ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், பட் ஹி ஃபினிஷ்ட் தி ஒர்க்.' இதில் 'பட்' என்பதை எடுத்துவிடுங்கள், அல்லது ஆல்தோவை. முரணைச் சொல்ல ஒரு சொல் போதும். அன்லெஸ்ஸும் அப்படியே. 'இல்லாவிட்டால்' என்ற மறுப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. 'சீக்கிரம் கிளம்பாவிட்டால்' என்பதற்கு 'அன்லெஸ் யூ லீவ் ஏர்லி' என்று எழுதினால் போதும். நடுவில் டோன்ட் சேர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

படி 5: பின்னால் வினை இருக்கிறதா?

பிகாஸுக்குப் பின் எழுவாயும் வினையும் வரும். பிகாஸ் ஆஃப் என்றால் பெயர்ச்சொல்: 'பிகாஸ் ஆஃப் தி ரெய்ன்'. ஆல்தோவுக்கும் டெஸ்பைட்டுக்கும் இதே உறவு. சந்தேகம் வந்தால், ஆங்கிலம் கற்பவர்களுக்கான கேம்பிரிட்ஜ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைப் பாருங்கள். கன்ஜங்ஷனா (பின்னால் எழுவாயும் வினையும் வரும்), பிரெப்பொசிஷனா (பின்னால் பெயர்ச்சொல் வரும்) என்று குறித்து எடுத்துக்காட்டும் தருவார்கள். பொருள் மட்டும் தரும் ஆங்கிலம்-தமிழ் அகராதி இதற்கு உதவாது.

பின்சேர்ப்பு: ஈவன் இஃப், ஈவன் தோ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி, முதலிலேயே சேர்த்திருக்க வேண்டியது. தமிழில் 'மழை பெய்தாலும்' என்பது இரண்டுக்கும் பொருந்துவதால்தான் குழப்பம். மழை உண்மையிலேயே பெய்தது, ஆனாலும் போனோம்: 'ஈவன் தோ இட் ரெய்ன்ட், வீ வென்ட்'. மழை வருமா என்று தெரியாது, வந்தாலும் போவோம்: 'ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ், வீ வில் கோ'. இலக்கணத்தைத் திருத்தும் மென்பொருளை இங்கே நம்ப வேண்டாம். இரண்டுமே இலக்கணப்படி சரியான வாக்கியங்கள் என்பதால், எதை மாற்றி எழுதினாலும் பெரும்பாலும் அது பேசாமல் விட்டுவிடும். நடந்ததா, நடக்கலாமா என்பது எழுதும் உங்களுக்குத்தான் தெரியும்.